தலை மட்டும் போதுமா?

பொழுதுபோக்கு என்ற சொல்லைக் கேட்டாலே நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும். "போக்குவதற்குப் பொழுது எங்கே இருந்தது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு நின்று, நிரையில் இறங்கி மரம் வெட்டி, மங்கில் பால் சேரும் வரை காத்திருந்து, பால் எடுத்து, காண்டா போட்டுக் கொட்டகைக்குச் சுமந்து வந்து நிறுத்துவிட்டு நிமிர்ந்தால் வெயில் உச்சிக்கு வந்திருக்கும். அதற்குப் பிறகும் ஆடு, மாடு, கீரைப்பாத்தி, விறகு என்று வேலை வரிசையில் நிற்கும். இதில் பொழுதாவது போக்காவது!

ஆனால் பிள்ளைகள் எப்படியோ பொழுதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ரப்பர் விதையை ஒன்றோடு ஒன்று வைத்து நசுக்கி எது உடையாமல் நிற்கிறது என்று பந்தயம் கட்டினார்கள். சிலந்தியைத் தீப்பெட்டியில் அடைத்துச் சண்டை விட்டார்கள். சினிமாப் பாட்டுப் புத்தகம் சேர்த்தார்கள். கொஞ்சம் படிப்பு வாசனை பட்ட பிள்ளைகள் தபால் தலை சேர்த்தார்கள்.

இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெரிய தபால் தலைப் பிரியர். அவர் சேர்த்த தொகுப்பு உலகப் புகழ் பெற்றது. அரண்மனையில் உட்கார்ந்து மன்னர் செய்த அதே வேலையை, லயத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து நம் பிள்ளையும் செய்தான். மன்னருக்குத் தோலால் கட்டிய ஆல்பம். நம்மவனுக்குப் பழைய கணக்கு நோட்டும் சோற்றுப் பசையும். ஆசை என்னவோ இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

தோட்டத்துக்குத் தபால் வந்த விதத்தைப் புதிய தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். இன்று வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. அன்று பக்கத்துப் பட்டணத்து அஞ்சல் நிலையத்திலிருந்து கடிதங்கள் மொத்தமாகத் தோட்டத்து ஆபீசுக்கு வரும். கிராணியார் பெயர் பெயராகக் கூப்பிடுவார். பெயர் கூப்பிடப்பட்டவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பாதி மகிழ்ச்சி, பாதி பயம். ஊர்க் கடிதத்தில் கல்யாணச் செய்தியும் இருக்கலாம், சாவுச் செய்தியும் இருக்கலாம். படிக்கத் தெரியாதவர்கள் அதை எடுத்துக்கொண்டு தமிழ்ப்பள்ளி வாத்தியாரிடம் போவார்கள். வாத்தியார் படித்து முடிப்பதற்குள் கூடவே வந்த பையனின் கண், உறையின் வலது மூலையில் இருக்கும். "சார், அந்தத் தலை எனக்கு!"

இந்த வாரம் அந்த வலது மூலையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். முடிக்கும்போது உறையின் நடுப்பகுதிக்கும் வந்து சேருவேன்.

பசை தடவிய முதல் தபால் தலை 1840ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டிவிடலாம், தூரம் எவ்வளவானாலும் உள்நாட்டுக்குள் ஒரே கட்டணம் என்று வந்த பிறகுதான் ஏழைகளும் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். காகிதம் சின்னதுதான், ஆனால் கடல் கடந்து போன கூலிக்காரனையும் ஊரில் இருந்த அவன் தாயையும் அதுதான் கட்டிப் பிடித்து வைத்திருந்தது.

நம் பக்கத்துக் கதை இன்னும் சுவையானது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1867ஆம் ஆண்டு வரை இந்திய அரசாங்கத்தின் நிர்வாகத்தில் இருந்தன. அதனால் அங்கே இந்தியத் தபால் தலைகளே செல்லுபடியாயின. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் தனி நிர்வாகமானபோது, அதே இந்தியத் தலைகளின் மேல் கிரீடமும் காசு மதிப்பும் அச்சடித்து விற்றார்கள். சட்டை பழையது, பொத்தான் புதியது!

ஜொகூருக்கு வருவோம். 1876ஆம் ஆண்டு, நீரிணைக் குடியேற்றங்களின் 2 காசுத் தலை மீது பிறையும் நட்சத்திரமும் அச்சடிக்கப்பட்டு, ஜொகூருக்கென்று முதல் தபால் தலை வந்தது. அபு பக்கார் ஆட்சிக்காலம் அது. அவருடைய உருவம் பொறித்த தலைகள் பின்னால் 1890களில் வந்தன.

அந்த 1876ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதே 1876தான். மறு ஆண்டு, 1877இல், அந்த விதையில் முளைத்த 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில கோல கங்சாரில் நடப்பட்டன. நம் பாட்டன் பூட்டனை நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏற்றிய மரத்தின் விதையும், ஜொகூரின் முதல் தபால் தலையும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள். இதைத் திட்டம் போட்டு யாரும் செய்யவில்லை. ஆனால் ஆல்பம் புரட்டுகிறவனுக்கு இப்படிப்பட்ட பொருத்தங்கள் தானாக வந்து மடியில் விழும். பள்ளிப் புத்தகம் தராத சரித்திர ஆசையை எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்தக் காகிதத் துண்டு தந்திருக்கிறது.

இனி நம் தொழிலைத் தேடுவோம். பால்மரம் வெட்டும் நம் வேலை தபால் தலையில் ஏறியிருக்கிறதா?

ஏறியிருக்கிறது. ஒரு முறையல்ல, பல முறை.

ஜப்பானியர் ஆட்சியில், 1942இல், பழைய மலாயாத் தலைகளின் மேலேயே "டாய் நிப்பான் 2602" என்று அச்சடித்து ஓட்டினார்கள். 2602 என்பது அவர்கள் கணக்கில் 1942ஆம் ஆண்டு. பிறகு 1943இல் மலாயாவுக்கென்று புதிய படங்களோடு ஒரு வரிசை வெளியிட்டார்கள். அதில் 50 காசுத் தலையில் இருப்பது நம் ஜொகூர் நீரிணை. வரிசையிலேயே சிறிய மதிப்பான 1 காசுத் தலையில் இருப்பது ரப்பர் மரம் வெட்டும் காட்சி.

அந்த 1943இல் தோட்டங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்களுக்கு நெஞ்சு கனக்கும். பால் வாங்க ஆளில்லை. மரவள்ளிக் கிழங்கே சோறு. சாக்குத் துணியே வேட்டி, சேலை. அதற்கும் மேலே, சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியர்கள் ஆள் பிடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக் கணக்கில் லாரியிலும் ரயிலிலும் ஏற்றப்பட்டார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியும் அவர்களில் பெரும்பகுதியைத் தின்றன. பாதை முடிந்தது 1943 அக்டோபரில். மரம் வெட்டுகிற ஆள் தபால் தலையில் நின்றுகொண்டிருந்தான். மரம் வெட்டிய ஆள் சயாம் காட்டில் கிடந்தான். ஒரே ஆண்டு! தலையின் விலை 1 காசு. அந்த ஆட்சியில் ஆளின் விலை அதைவிடக் குறைவு.

சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பு, 1957இல், மலாயாக் கூட்டரசின் பெயரால் வந்த முதல் வரிசையில் 6 காசுத் தலையில் மறுபடி ரப்பர் மரம் வெட்டும் படம். அதே வரிசையில் 25 காசுக்கு ஈயக் கப்பல். நாட்டின் சோற்றுப் பானைக்கு அடியில் இருந்த இரண்டு அடுப்புக் கற்களும் அதில் வந்துவிட்டன. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31இல் வந்த 10 காசுச் சுதந்திரத் தலையில் துங்கு அப்துல் ரகுமானும், அவரோடு இந்நாட்டு மக்களும் இருக்கிறார்கள். 1968இல் கோலாலம்பூரில் இயற்கை ரப்பர் மாநாடு நடந்தபோது 25, 30, 50 காசுகளில் மூன்று தலைகள். மூன்றிலும் மரம் வெட்டும் காட்சி உண்டு. 50 காசுத் தலையில் அதனோடு ஆகாய விமானத்தின் டயரும் சேர்ந்திருக்கும். லயத்திலிருந்து வெட்டுக்காட்டுக்கு நடந்தே போன மனிதர், ஆகாய விமானம் தரை இறங்குவதற்கு ரப்பர் கொடுத்தார் என்பதை அந்தத் தலை ஒரு பேச்சும் இல்லாமல் சொல்லிவிட்டது.

நம்மில் பலர் கையால் தொட்டு, நாக்கால் நனைத்து ஒட்டியது 1986ஆம் ஆண்டு வரிசை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் ஆட்சியாளர் உருவத்தோடு, விளைபொருள் படம் போட்டு வந்தது. ஜொகூர்த் தலையில் சுல்தான் இஸ்கந்தர். காப்பி 1 காசு, தேங்காய் 2 காசு, கொக்கோ 5, மிளகு 10, ரப்பர் 15, செம்பனை 20, நெல் 30. இந்த வரிசையைச் சற்று நின்று பாருங்கள். ரப்பரைவிடச் செம்பனைக்கு 5 காசு கூட! படம் போட்டவர் அதை நினைத்துச் செய்திருக்க மாட்டார். ஆனால் அந்தக் காலத்தில்தான் குளுவாங்கிலும் கூலாயிலும் லாபிசிலும் ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். உளி பிடித்த கை அரிவாள் பிடிக்கக் கற்றுக்கொண்டது. பெண்கள் நிரையை விட்டு உதிரிப்பழம் பொறுக்கப் போனார்கள். இந்த வரிசை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் புழங்கியது. 2007இன் கடைசியில் வந்த புதிய மாநிலத் தலைகளில் வீட்டுத் தோட்டத்துப் பூக்கள். தோட்டம் என்ற சொல் மட்டும் மிஞ்சியது. நம் தோட்டம் தலையிலிருந்து இறங்கிவிட்டது. அதற்குள் நம்மில் பெரும்பாலோரும் தோட்டத்திலிருந்து இறங்கிவிட்டோம் அல்லவா?

இவ்வளவு முறை நம் வேலை தலையில் ஏறியிருக்கிறதே, பெருமைதானே என்று கேட்கலாம். பெருமைதான். ஆயினும் ஒன்று கவனித்தீர்களா? வேலை இருக்கிறது, வேலை செய்தவர் பெயர் இல்லை. சுல்தானுக்குப் பெயர் உண்டு, பிரதமருக்குப் பெயர் உண்டு. மரம் வெட்டுகிறவர் மரத்தோடு மரமாக நிற்கிறார்.

பெயர் இல்லாமல் படம் மட்டும் இருப்பதால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைப்பவர்கள் இலங்கையைப் பார்க்க வேண்டும். நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து கங்காணியின் பின்னால் போன மக்கள் அங்கே மலையகத்தில் தேயிலையும் ரப்பரும் வளர்த்தார்கள். 1935இல் வெளிவந்த இலங்கைத் தபால் தலைகளில் 2 காசுக்கு ரப்பர் மரம் வெட்டும் காட்சி, 9 காசுக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் காட்சி. நாட்டின் அடையாளமாக அந்தத் தொழிலை உலகமெல்லாம் அனுப்பினார்கள். பதின்மூன்று ஆண்டு கழித்து, 1948இல், புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. உன் தகப்பன் இங்கே பிறந்ததற்குத் தாள் எங்கே, பாட்டன் பிறந்ததற்குத் தாள் எங்கே என்று கேட்டார்கள். லயத்துக் காம்பராவில் பிறந்தவனிடம் தாளுக்கு எங்கே போவது? பல இலட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். எஞ்சியவர்களுக்கு முழுமையாக வழி திறந்த சட்டம் வந்தது 2003இல். தபால் தலையில் இடம் கொடுத்த நாடு, தாள் இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி, குடிமக்கள் பட்டியலில் இடம் இல்லை என்றது.

நம் நாட்டின் கதை வேறு. ஆனால் தாளின் அருமை இங்கேயும் நமக்குத் தெரியாததல்ல. 1969ஆம் ஆண்டை ஒட்டி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி எடுக்க வேண்டும் என்று வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த எத்தனையோ பேர் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பியதாகச் சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கணவன் அங்கே, மனைவி இங்கே. தாய் இங்கே, மகள் அங்கே. ராஜூலா கப்பல் 1973இல் ஓய்ந்தது. சிதம்பரம் கப்பலும் 1985இல் தீப்பிடித்த பிறகு வருவதை நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு அக்கரைக்கும் இக்கரைக்கும் நடுவே நம் ஏழைக் குடும்பங்களுக்கு மிஞ்சிய பாலம் கடிதம் ஒன்றுதான்.

கூலாய்ப் பக்கம் ஒரு வீட்டில் அப்படிப்பட்ட கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்து பல காலம் ஆன குடும்பம். பாட்டிக்கு எண்பதைத் தாண்டிய வயது. அலமாரியின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டின். டின் நிறைய இந்தியாவிலிருந்து வந்த கடிதங்கள், உறையோடு. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கடிதத்தில் என்ன செய்தி என்று கேட்டால் டக்கென்று எடுத்துக் கொடுத்தார். எப்படி? தலையைப் பார்த்து!

"இந்தா, கொழுந்து பறிக்கிற படத்தை வரிசையா ஒட்டியிருக்கே, இதுலதான் தங்கச்சிக்குக் கல்யாணம்னு எழுதி வந்துச்சு. இந்தா, இந்த நீலக் கடுதாசி, அப்பா போய்ட்டாருன்னு வந்தது. கடுதாசி வந்து சேரும்போது பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சுபோச்சு."

கொழுந்து பறிக்கும் படம், 1960களின் பிற்பகுதியில் இந்தியாவில் புழங்கிய 15 காசுத் தலை. உள்ளே இருந்த எழுத்து பாட்டிக்குப் புரியாது. மூலையில் இருந்த படமே அவருக்கு எழுத்தாகிவிட்டது. உலகத்தில் எத்தனையோ பெரிய சேகரிப்பாளர்கள் இருக்கலாம். தபால் தலையை இப்படிப் படித்தவர் வேறு யாரும் எனக்குத் தெரியாது.

அந்த டின்னில் ஏழெட்டு உறைகளின் வலது மூலை சதுரமாக வெட்டப்பட்டிருந்தது. கொள்ளுப்பேரன் பள்ளிக்கூடத்துத் தபால் தலைச் சங்கத்தில் சேர்ந்திருக்கிறான். ஆர்வத்தில் கத்தரிக்கோலை எடுத்துவிட்டான். பாட்டி அந்த உறைகளைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதுன்னு தெரியலையே அப்பா" என்றார். பையனைத் திட்டவில்லை. பிள்ளை ஆசையாகக் கேட்டான், கொடுத்தேன் என்றார். அவ்வளவுதான்.

பையன் மேல் குற்றம் இல்லை. தபால் தலை சேர்ப்பது என்றால் தலையைப் பிரிப்பது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். கைதேர்ந்த சேகரிப்பாளர்கள் அப்படிச் செய்வதில்லை. பழைய கடிதம் என்றால் உறையை முழுதாகவே வைப்பார்கள். பெரும்பாலும் அதற்குத்தான் அவர்களிடையே மதிப்பும் விலையும் அதிகம். ஏன் என்று பார்ப்போம்.

தலையில் நாட்டின் பெயரும் விலையும் படமும் இருக்கும். அதே தலை இலட்சக் கணக்கில் அச்சானது. உங்களுடையதற்கும் அடுத்தவருடையதற்கும் வேறுபாடு இல்லை. ஆனால் அதன் மேல் விழுந்த முத்திரையில் அஞ்சல் நிலையத்தின் பெயரும் தேதியும் இருக்கும். உறையின் நடுவே உங்கள் பாட்டனின் பெயர், தோட்டத்தின் பெயர், எத்தனையாவது டிவிஷன், எந்தப் பட்டணம் என்பதெல்லாம் இருக்கும். பின்பக்கத்தில் அனுப்பியவரின் கிராமம், தாலுகா, ஜில்லா இருக்கும். தலை நாட்டின் கதை. உறை உங்கள் குடும்பத்தின் கதை. தலையில் பெயரில்லாமல் நின்ற மரம் வெட்டுகிறவருக்கு, நான்கு விரற்கடை தள்ளி அதே உறையில் முழுப் பெயரும் விலாசமும் எழுதியிருக்கிறது! கத்தரிக்கோல் அந்த இரண்டையும் பிரித்துவிடுகிறது.

விலாசம் என்பது இலேசான காரியம் அல்ல. நம் தோட்டங்களுக்கு இரண்டு பெயர் உண்டு. துரை ஆபீஸ் பலகையில் எழுதி வைத்தது ஒன்று. நம் ஆட்கள் வாயில் வழங்கிய பழைய தோட்டம், புதுத் தோட்டம், ஆற்றுத் தோட்டம் போன்றவை இன்னொன்று. இன்று அந்தப் பலகைகள் பல இடங்களில் இல்லை. 1950களில் தொடங்கிய துண்டாடலில் சில தோட்டங்கள் போயின. பின்னால் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் சாலைக்கும் பல போயின. கோயில் இருந்த இடத்தைக் காட்ட ஓர் அரசமரம் இருந்தால் உண்டு. பேரப்பிள்ளை ஒரு நாள், "நாம் எங்கிருந்து வந்தோம்?" என்று கேட்டால், இந்தியாவில் எந்தக் கிராமம், ஜொகூரில் எந்தத் தோட்டம் என்று இரண்டையும் ஒரே பார்வையில் சொல்லக்கூடிய பொருள் அந்த உறை ஒன்றுதான்.

பிறப்புப் பத்திரத்துக்கும் அடையாளக் கார்டுக்கும் இன்னமும் அலைந்துகொண்டிருக்கும் நம்மவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய உறை ஒன்றால் அவர்கள் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எது ஆதாரம் என்பதை அதிகாரிகள்தான் முடிவு செய்வார்கள். ஆனால் எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், பெயர் எப்படி எழுதப்பட்டது என்பதே தெரியாமல் தேடத் தொடங்குகிறவருக்கு, எங்கே போய்க் கேட்பது என்று காட்ட அது ஒரு கைவிளக்கு. நம் தாத்தாக்களின் பெயரைக் கிராணியார் ஒரு விதமாகவும், பதிவு அலுவலகம் இன்னொரு விதமாகவும், ஊரிலிருந்த மைத்துனர் மூன்றாவது விதமாகவும் எழுதிய கூத்து நமக்குத் தெரியாததா? மூன்றும் ஒருவரே என்று சேர்த்துப் பார்க்கப் பழைய தாள்கள் வேண்டும்.

ஆகவே பிள்ளைகள் தபால் தலை சேர்ப்பதை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. தாராளமாகச் சேர்க்கட்டும். திருவள்ளுவருக்கும் பாரதியாருக்கும் 1960இல் இந்தியா தலை வெளியிட்டது. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. இரண்டாவது மாநாடு 1968இல் சென்னையில் நடந்தபோது அதற்கும் இந்தியா ஒரு தலை வெளியிட்டது. இலங்கைத் தலைகளில் தமிழ் எழுத்தையே பார்க்கலாம். இவற்றைத் தேடிச் சேர்க்கும் பிள்ளைக்குப் பூகோளமும் சரித்திரமும் விளையாட்டாகவே வந்துவிடும்.

செய்யும் முறை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். வங்கி, கம்பெனி அனுப்பும் உறை என்றால் தலையைச் சுற்றி அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். சாதாரணத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். கால்மணி, அரைமணியில் தலை தானாகக் கழன்று வரும். நகத்தால் பிய்க்கக் கூடாது. வெள்ளைக் காகிதத்தில் முகம் கீழாக வைத்து உலர்த்தி, பிறகு கனமான புத்தகத்துக்குள் வையுங்கள். சிவப்பு உறையைத் தண்ணீரில் போட்டால் சாயம் தலையில் ஏறிவிடும், கவனம். இப்போது வரும் ஒட்டுத்தாள் வகைத் தலைகள் தண்ணீருக்கு மசியாமல் போகலாம். அவற்றை வெட்டிய தாளோடு வைப்பதே நல்லது.

குடும்பக் கடிதம் என்றால் கத்தரிக்கோலைத் தொடவே வேண்டாம். உறை, கடிதம் இரண்டையும் சேர்த்தே வையுங்கள். ஒட்டுநாடா போடாதீர்கள், காலப்போக்கில் மஞ்சள் பூத்துத் தாளைத் தின்றுவிடும். கம்பி ஊசி துருப்பிடிக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று சூடு வைத்துப் பிளாஸ்டிக் உறை போட்டுவிடுகிறார்கள். அது திரும்ப எடுக்க முடியாத வேலை, வேண்டாம். டின்னிலோ அட்டைப் பெட்டியிலோ போட்டு, ஈரம் படாத மேல்தட்டில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று இல்லை. உறையின் முன்பக்கம், பின்பக்கம், கடிதத்தின் ஒவ்வொரு பக்கம் என்று படம் எடுத்து வெளியூரிலிருக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள். ஒரு வீட்டில் வெள்ளம் வந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும். ஜொகூரில் 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வந்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பாட்டியையோ தாத்தாவையோ பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு கடிதமாகக் காட்டுங்கள். இது யார் எழுதியது, அப்போது நீங்கள் எந்த லயத்தில் இருந்தீர்கள், கடிதத்தை யார் படித்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி அந்த உறையோடு வையுங்கள். பெரியவர்கள் போய்விட்டால் டின் இருக்கும், திறவுகோல் இருக்காது.

பழையதைப் பற்றியே பேசுகிறாயே, இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். உண்மைதான். நம் செய்திகள் எல்லாம் இன்று கைத்தொலைபேசியில் வந்து கைத்தொலைபேசியிலேயே மறைகின்றன. நாம் விட்டு வந்த லயங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள். அவர்களும் இரவில் தாயோடு பேசுகிறார்கள். முகம் பார்த்தே பேசுகிறார்கள். நம் பாட்டிக்குக் கிடைக்காத பேறு அது, சந்தோஷம். ஆனால் அந்தப் பேச்சு எதுவும் டின்னில் சேர்வதில்லை. அவர்கள் பேரனுக்கும் நம் பேரனுக்கும் கையில் எடுத்துப் பார்க்க ஒரு துண்டுத் தாள்கூட மிஞ்சாது.

அதனால் ஒரு யோசனை. ஆண்டுக்கு ஒரு கடிதம் போதும். பிள்ளையின் பிறந்தநாளுக்கோ தீபாவளிக்கோ பொங்கலுக்கோ, ஒரே தாமானில் இருந்தாலும் பரவாயில்லை, உங்கள் கையால் தமிழில் ஒரு பக்கம் எழுதி, தலை ஒட்டி, தபாலில் போடுங்கள். அஞ்சல் நிலையத்தில் கேட்டு நல்ல படத் தலையாக வாங்கி ஒட்டுங்கள். குடும்பத்தில் அந்த ஆண்டு நடந்ததை எழுதுங்கள்: யார் வேலை மாறினார்கள், யாருக்குப் பிள்ளை பிறந்தது, அரிசி என்ன விலை. உறையின் மேல் பிள்ளையின் முழுப் பெயரைப் பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடி எழுதுங்கள். பின்பக்கம் உங்கள் பெயரையும் விலாசத்தையும் எழுத மறக்காதீர்கள்.

தபால் தலையில் நம் படத்தைப் போடலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்கிறவர்கள் வேறு யாரோ. உறையில் நம் பெயரை எழுதிக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை.